இடுப்பில் கட்டிய தாளம்

குமாசி
ஏப்ரல் 22

அக்வேலே,

இதைப் படிக்காமலே மீன் புகையடுப்பில் செருகிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். செருகு. ஆனால் அதற்கு முன்னால் பஸ் டிரைவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிடு. உள்ளே இருப்பது போன். அதையும் அடுப்பில் போட்டால் வெடிக்கும்.

கூப்பிட்டுப் பேசலாம்தான். ஆனால் உன் குரல் தேய்ந்துவிட்டது, எனக்குக் கேட்பதில்லை. நான் "சத்தமாப் பேசுடி" என்பேன், நீ உடனே வைத்துவிடுவாய். அம்மா செத்ததிலிருந்து நாம் ஒரு பேச்சையும் முழுதாகப் பேசி முடித்ததில்லை. அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பிரசவ வார்டில் கத்தியே பழகியவளுக்கு எழுதுவது வதைதான்.

போன வாரம் டாக்டர் சார்ப்பொங்கைப் பார்த்தேன். உனக்கு வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்வதையும், சந்துக்குள் நுழைந்தால் நட்ட கம்பம் மாதிரி நின்றுவிடுவதையும் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. பக்கத்து அடுப்பு அஃபோலே போன் செய்து சொல்கிறாள். பார்க்கின்சன் வந்தால் 'இப்போது தூக்கு, இப்போது வை' என்று காலுக்குத் தானாகச் சொல்வது மூளைக்கு மறந்துபோகுமாம். வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்தால் கால் அதைப் பிடித்துக்கொண்டு போகுமாம். அதற்கென்றே ஒரு செயலியை இந்தப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார். இடுப்புத் துணியில் இறுக்கிக் கட்டிக்கொள். பச்சைப் பொத்தானை அழுத்து. ஒரு தட்டுக்கு ஓர் அடி. நீ தடுமாறினால் அதுவே தாளத்தை மெதுவாக்கும். பூட்டு எதுவும் போடவில்லை, உன் விரலோடு அது மல்லுக்கட்டக் கூடாது என்று.

நீ நடப்பது சாயங்காலம் ஒரு கோடாக என் போனுக்கு வரும். கோடு நீளமாக, உயரமாக இருந்தால் நன்றாக நடந்திருக்கிறாய். குட்டையாக, விட்டு விட்டு வந்தால் நின்று நின்று போயிருக்கிறாய். இனிமேல் "நல்லா இருக்கேன்" என்று என்னிடம் கதை விட முடியாது.

ஆகஸ்டில் ஹோமோவோ திருவிழாவுக்கு நான் வருவேன். அதற்குள் கோடு தேறவில்லை என்றால் உன்னைக் கையோடு குமாசிக்குக் கூட்டி வந்துவிடுவேன். இங்கே அறை இருக்கிறது, வழுக்காத தரை இருக்கிறது, நான் இருக்கிறேன். மீனை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கோர்கோ


கடற்கரை
மே 3

கோர்கோ,

என் எழுத்து எறும்பு போல இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படி. வியாதி முதலில் என் எழுத்தைத்தான் சின்னதாக்கியது, அப்புறம்தான் குரலையும் காலையும் தொட்டது. என் வாயை இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அதனால் கேட்டுக்கொள்.

நான் இரட்டையில் உனக்கு முன்னால் பிறந்தவள். கெடு வைக்கிற உரிமை யாருக்காவது இருந்தால் அது எனக்குத்தான்.

குமாசியில் அறை இருக்கலாம், கடல் இருக்கிறதா? விடியற்காலையில் ஆட்டா லாமியின் படகு கரை தொட்டதும் முதல் தொட்டி மீன் நம் வீட்டுக்கு. அம்மா நின்ற இடம் அது, இப்போது நான் நிற்கிறேன். ஆள் போய் நிற்க வேண்டும், அதுதான் முறை. வேறு யாரையும் அனுப்பி வாங்க முடியாது. ஒரு வாரம் போகாவிட்டால் அந்த இடத்தில் அஃபோலே நிற்பாள். உனக்குப் போன் செய்கிறாளே, அதே அஃபோலேதான். உன் அக்கறையைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்.

போனைத் திட்டத்தான் மனம் வரவில்லை. முதல் நாள் 'டிக் டிக்' என்று கடிகாரம் போல அடித்தது, எரிச்சலாக இருந்தது. மதுக்கடை சோவா வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல மேளமும் இருக்கு பாருங்க" என்று மாற்றிக் கொடுத்தான். மேளம் வந்ததும் கால் எழுந்தது, கோர்கோ. அடுப்புகளுக்கு நடுவே இருக்கிற சந்தில் நான் எப்போதும் நின்றுபோகிற இடத்தில் நிற்கவே இல்லை. தாண்டிய பிறகுதான் தாண்டிவிட்டேன் என்றே தெரிந்தது. அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். முகத்தில் தெரிந்திருக்காது. என் முகத்தில் இப்போது எதுவும் தெரிவதில்லை. அம்மாவின் பிணத்தருகே நான் மரக்கட்டை முகத்தோடு நின்றேன் என்று ஊருக்கு முன்னால் நீ கத்தினாயே, அன்றும் உள்ளே அழுதுகொண்டுதான் இருந்தேன்.

சோவா இப்போது என் போனைத் தன் கடையின் பெரிய ஒலிபெருக்கியோடு சேர்த்துவிட்டான். நான் பொத்தானை அழுத்தினால் தெருவுக்கே கேட்கிறது. குடிக்க வந்தவர்கள் எல்லாம், "வழி விடுங்கப்பா, ராணி வர்றாங்க" என்று எழுந்து நிற்கிறார்கள். ஒருத்தன் எனக்குப் பின்னால் ஆடிக்கொண்டே கரை வரைக்கும் வந்தான். அஃபோலே சொல்கிறாள், "உனக்கு நடக்கறதுக்கே பேண்டு வாத்தியம் வேணுமாடி, சாகறப்போ என்ன கேப்பே?" நான் என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், நீ தேவாலயத்துக்குப் போகிறவள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை மேளத் தடை ஆரம்பம். நீ குமாசிக்காரியாகிவிட்டாய், மறந்திருப்பாய். ஒரு மாதம் ஊரில் மேளம் இல்லை, கைதட்டல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கேழ்வரகு விதைத்தாயிற்று, தெய்வங்களுக்கு அமைதி வேண்டும். என் ஒருத்தியின் காலுக்காக நான் அதை மீற மாட்டேன்.

அக்வேலே


குமாசி
மே 9

அக்வேலே,

மறப்பேனா? சின்ன வயதில் தடை மாதத்தில் நீ தகர டப்பாவைத் தட்டினதற்கு நானும் சேர்ந்து அடி வாங்கினேன்.

இதோடு காதில் செருகும் கருவி வருகிறது. கம்பி கிடையாது. காதில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்து, மேளம் உன் காதுக்குள் மட்டும் கேட்கும். உன் காதுக்குள் கேட்பது எந்தத் தெய்வத்துக்குத் தொல்லை? நீ மனசுக்குள் பாடினால் அபராதம் போடுவார்களா?

நடப்பதை நிறுத்தாதே. ஐந்து நாளாகக் கோடே வரவில்லை. சாப்பிடும்போதும் போனைப் பார்க்கிறேன், ஜெபத்தில் கண்ணை மூடினால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கிற சத்தம் கேட்டால்கூட, 'இந்த வேகத்துக்கு அவளால் நடக்க முடியுமா' என்று தோன்றுகிறது. டாக்டர் ஜூன் மாதம் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உன் மாத்திரையை முடிவு செய்வார். மத்தியானத்துக்கு இன்னொன்று சேர்க்கலாமா என்று யோசிக்கிறார்.

கருவி சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

கோர்கோ


கடற்கரை
மே 20

கோர்கோ,

கருவி வந்தது. நன்றாகக் கேட்கிறது. நடக்கிறேன்.

மழை வரும் போல இருக்கிறது. அடுப்புக்கு மேல் தகரம் போட வேண்டும்.

அக்வேலே


குமாசி
ஜூன் 6

என் அக்கா,

பார், மகிழ்ச்சி வந்தால் எனக்கு அக்கா என்று கூப்பிடக்கூட வருகிறது.

இப்படி ஒரு கோடு நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் நாள் செயலி தவறு செய்கிறது என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே வந்தது. காலையில் நடை, வெயிலில் நடை, சாயங்காலம் நடை. ஒரு தடுமாற்றம் இல்லை. போன சனிக்கிழமை காயல் பாலம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாய். நானே அவ்வளவு தூரம் நடந்து பல வருஷம் ஆகிறது. ஓரிடத்தில் நீ ஓடியிருக்கிறாய் என்றுகூடக் காட்டுகிறது. அக்வேலே, நீ எதற்கு ஓடினாய்? யாராவது துரத்தினார்களா?

தேவாலயத்தில் பெண்கள் எல்லாரிடமும் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். (இங்கே தட்டலாம்.) நேற்று டாக்டரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இவ்வளவு நல்லா நடக்கிறவங்களுக்கு எதுக்கு இன்னொரு மாத்திரை? இருக்கிறதே போதும்" என்றார். மத்தியான மாத்திரை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அதனால் வருகிற வாந்தியும் உனக்கு மிச்சம்.

உன்னைக் கூட்டி வருகிற பேச்சை இனி எடுக்க மாட்டேன் போலிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனாலும் அந்த அறைக்குத் திரைத்துணி தைத்து வைத்திருந்தேன்.

ஏன் உன் கடிதம் இரண்டு வரியில் இருக்கிறது?

கோர்கோ


கடற்கரை
ஜூன் 17

கோர்கோ,

உட்கார்ந்து படி. கையில் எதுவும் வைத்துக்கொள்ளாதே, விட்டெறிவாய்.

அந்தக் கோடு என்னுடையது இல்லை.

நீ அனுப்பிய கருவியை அன்று காதில் வைத்தேன். தடை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. தெருவில் குழந்தை அழுதால்கூட ஆளாளுக்கு உஷ் என்கிற அமைதி. விடிந்து கொஞ்ச நேரம், படகு வருகிற சமயம். இடுப்பில் போனைக் கட்டி, பொத்தானை அழுத்தினேன். மேளம் அவ்வளவு அருமையாகக் கேட்டது. காதுக்குள் வைக்கிற சின்னப் பொருள் இவ்வளவு கணீரென்று அடிக்கிறதே என்று உன்னை மனதார வாழ்த்தினேன். கால் தானாக எழுந்தது. சந்தில் நிற்காமல் தாண்டினேன். தெருவுக்கு வந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் நடையைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனேன். ஒருத்தி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் தலையாட்டினேன்.

மேளம் என் காதில் அடிக்கவில்லை, கோர்கோ. சோவாவின் கடைக்குள் அடித்தது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலிபெருக்கியில் மெல்லமாகக் கால்பந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். என் போன் காதிலிருந்த கருவியை விட்டுவிட்டு, பழைய சிநேகிதத்தில் அந்தப் பெட்டியோடு போய் ஒட்டிக்கொண்டது. தடை மாதத்தில், விடியற்காலையில், ஊரே கேட்க நான் மேளம் அடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

தடைக் காவல் இளைஞர்கள் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அயிட்டேதான் தலைவன், வலை தைக்கிற ஆன்யேயின் மகன். கடைக் கதவைத் தட்டி, "யாருடா மேளம் அடிக்கிறது, வெளிய வாடா" என்றான். சோவா பனியனோடு வந்து, "நான் இல்லீங்க, பெட்டி தானா அடிக்குது" என்றான். "பெட்டிக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கினார்கள். மேளம் நிற்கவில்லை. நான் தெருவில் நின்று, "என்னுடையது, என்னுடையது" என்கிறேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. ஒருத்தருக்கும் கேட்கவில்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் நிற்கவும் முடியவில்லை, அதே இடத்தில் கால் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அஃபோலேதான் வந்து என் இடுப்பைக் காட்டி, "சோவாவை விடுங்கடா, சத்தம் இந்தப் பொம்பளை வயித்துலேருந்து வருது" என்றாள்.

அயிட்டே மரியாதையாகத்தான் பேசினான். "அம்மா, உங்க நோய் எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு உங்களை விட்டா, நாளைக்கு மேளம் அடிக்கிற ஒவ்வொரு சர்ச்சுக்காரனும் எனக்கும் நோய்ம்பான்" என்றான். அதில் என்ன தப்பு? தலைவர் வீட்டுக்கு ஓர் ஆட்டுக்கடாவும் ஷ்னாப்ஸ் சாராயப் புட்டிகளும் அபராதம். நானும் சோவாவும் பாதிப் பாதி கொடுத்தோம். பெட்டியையும் போனையும் தடை முடியும் வரை வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போனார்கள்.

பெட்டி தலைவர் வீட்டுக்குப் போனது. போன் அயிட்டேயின் கால்சட்டைப் பைக்குள் போனது. பூட்டு இல்லாத போன், நல்ல டார்ச். அதை வைத்துக்கொண்டு அவன் தெருத் தெருவாகக் காவல் சுற்றியிருக்கிறான். காயல் பாலத்துக்குப் போனது அவன். ஓடினதும் அவன்தான், எதற்கு என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று சொல்லியிருக்கலாம். அதற்கு முன்பே, மே இருபதிலேயே சொல்லியிருக்கலாம். மேளம் போனதிலிருந்து அடுப்புச் சந்துக்கு அப்பால் நான் போகவே இல்லை. சொன்னால் நீ துணிப்பெட்டியோடு வந்து நிற்பாய் என்று பயந்தேன். நீ மகிழ்ந்து எழுதியதைப் படித்த பிறகு, அந்தக் கோடு கொஞ்ச நாள் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஆசையாகவும் இருந்தது. பாலம் வரைக்கும் நடந்தவளாக யாராவது என்னை நினைக்கிறார்களே என்று.

மத்தியானத்தில் மாத்திரை தீர்ந்துபோகிறது. காலை மாத்திரையின் வேலை முடிந்து, மாலை மாத்திரை வருவதற்குள் நான் நாற்காலியில் மூட்டை மாதிரி கிடக்கிறேன். முந்தாநாள் அடுப்பில் மீனைத் திருப்ப எழுந்தேன். உடம்பு போனது, கால் வரவில்லை. அடுப்பின் ஓரத்தில் நெற்றி பட்டது. நெருப்பின் மேல் விழவில்லை. அஃபோலே தூக்கினாள். தூக்கிக்கொண்டே திட்டினாள்.

ஆட்டா லாமியின் முதல் தொட்டியை இப்போது அவள்தான் எடுக்கிறாள். அதில் பாதியைக் கொண்டுவந்து என் வாசலில் வைக்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது.

அக்வேலே


குமாசி
ஜூன் 21

அக்வேலே,

வெள்ளிக்கிழமை வருகிறேன். துணிகளைக் கட்டி வை.

டாக்டரிடம் போனேன். என் அக்கா நடந்தாள் என்று நான் காட்டிய கோடு ஓர் ஆண்பிள்ளை டார்ச் பிடித்துத் திரிந்த கோடு என்று என் வாயால் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "இந்தக் கோட்டை நம்பித்தானே இன்னொரு மாத்திரை வேண்டாம்னேன்" என்றார். மத்தியான மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார், இந்த டிரைவரிடமே அனுப்புகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் போடு. மீனோடு சேர்த்து விழுங்காதே, வேலை செய்யாது.

நெருப்பின் மேல் விழவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். எனக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. எழுந்து நடக்கிறேன், உட்கார்கிறேன், மறுபடி எழுந்து நடக்கிறேன். கண்ணை மூடினால் அடுப்புதான் தெரிகிறது. உனக்கு அந்தத் தொட்டி மீன் பெரிதா, உயிர் பெரிதா? அம்மா நின்ற இடம், அம்மா நின்ற இடம் என்கிறாய். அம்மாவே இருந்திருந்தால் உன்னை என் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பாள்.

பெரிய பெட்டியாகக் கொண்டு வருகிறேன். சின்னதில் கொள்ளாது.

கோர்கோ


கடற்கரை
ஜூன் 22

கோர்கோ,

மாத்திரை வந்தது, போட்டேன். டிரைவர் மத்தியானமே திரும்புகிறாராம், அவர் கென்கி தின்று முடிப்பதற்குள் எழுதுகிறேன்.

பெட்டிக்காக வருவதாக இருந்தால் வராதே. கட்டி வைக்க மாட்டேன்.

நான் பொய் சொன்னேன், அது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அதை நம்பினது எதனால் என்று யோசி. நான்கு வருஷமாக நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. ஹோமோவோவுக்கு வருகிறேன் என்பாய், ஜூலையில் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு தடவை வந்து என் கால் எப்படி இழுக்கிறது என்று பார்த்திருந்தால், பாலம் வரைக்கும் போன கோடு என்னுடையது இல்லை என்று நொடியில் தெரிந்திருக்கும். நீ என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாய்.

ஏன் வரவில்லை என்றும் எனக்குத் தெரியும். ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தோம். என் முகத்தைப் பார்த்தால் உனக்கு நாளைய உன் முகம் தெரிந்துவிடுமோ என்று பயம். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கும், அதனால் நானே சொல்லிவிட்டேன்.

தடை நீங்கி இரண்டு வாரம் ஆகிறது. டார்ச்சை விட மனமில்லாமல் வைத்திருந்த அயிட்டே நேற்றுதான் போனைக் கொண்டுவந்து கொடுத்தான். பைக்குள் இருக்கும்போது பொத்தான் அழுந்தி இரண்டு தடவை அவன் இடுப்பிலேயே மேளம் அடித்திருக்கிறது. காவல்காரனே தடையை மீறினால் என்ன ஆகும்? பதறிப்போய்த் தேடி, செயலியில் சத்தமே இல்லாத வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். "அம்மா, இப்படி வச்சா அதிரும், அவ்வளவுதான். யாருக்கும் கேக்காது" என்றான். அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. நீயும் சொல்லவில்லை, உன் டாக்டரும் சொல்லவில்லை.

நடக்க வருவதாக இருந்தால் வா. விடியற்காலையில் என்னோடு கரைக்கு நட. அதற்கப்புறம் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

அக்வேலே


குமாசி
ஜூலை 2

அக்வேலே,

வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மழை. நீ கட்டிக் கொடுத்த மீன் வாசனைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார், நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேன்.

அங்கே இருந்தபோது வாய் திறக்கவில்லை. இங்கே வந்ததும் எழுதத் தோன்றுகிறது.

நீ சொன்னது சரி. பயம்தான். உன் வாசலில் இறங்கினதும் நான் முதலில் பார்த்தது உன் கையை இல்லை, என் கையைத்தான். ராத்திரி உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, உன் கை ஆடுவது பாய் வழியாக எனக்கு வருகிறதா, அல்லது ஆடுவது என் கையா என்று தெரியாமல் விழித்துக் கிடந்தேன். எனக்கு வருமா வராதா தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. உன்னைப் பார்க்காமல் இருந்ததால் அந்தப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. பார்த்த பிறகும் போகவில்லை. ஆனால் இப்போது உன்னிடம் சொல்ல முடிகிறது.

விடியற்காலையில் நீ போனை இடுப்பில் கட்டியபோது, விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று கையை நீட்டிக்கொண்டேதான் பின்னால் வந்தேன். அடி சின்னதாக இருந்தாலும் ஒழுங்காக இருந்தது. சந்தில் நிற்காமல் தாண்டினாய். கரையில் வலைக் குவியலுக்கு நடுவே இடம் குறுகினதும் நின்றுவிட்டாய். எதிரே ஆட்டா லாமியின் படகு வந்துவிட்டது, எல்லாரும் ஓடுகிறார்கள், அஃபோலே முன்னால் ஓடுகிறாள், நீ மட்டும் நிற்கிறாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ சரிந்தாய். "தொடாதே. என் இடுப்புல அது அடிச்சுக்கிட்டுதான் இருக்கு. எனக்குக் கேக்க விடு" என்றாய். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அது எனக்குக் கேட்டது. கையை எடுத்துவிட்டு நின்றேன். முப்பது வருஷம் எத்தனையோ பெண்களிடம் "முக்கு, முக்கு" என்று கத்தியிருக்கிறேன், சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. நீ உடம்பை ஒரு பக்கம் சாய்த்தாய், மறுபக்கம் சாய்த்தாய், அப்புறம் ஒரு கால் எழுந்தது.

முதல் தொட்டி அஃபோலேக்குப் போய்விட்டது. நீ இடிந்துபோவாய் என்று பார்த்தேன். நீ இரண்டாவது தொட்டிக்குள் கையை விட்டு, "இது என்ன சாளையா, சாளைக்குப் பொறந்த எலும்பா? அடியில எதை ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று ஆட்டா லாமியோடு சண்டைக்குப் போய்விட்டாய். அந்தச் சண்டையில் உன் குரல் எல்லாருக்கும் கேட்டது. அஃபோலே தன் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு உன்னைப் பார்த்துச் சொன்னாள், "வந்துட்டியா. இனி பாதி கிடையாது, போ." அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்தக் குரலோடு நீ என் வீட்டு வழுக்காத தரையில் என்ன செய்வாய்? ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய், அவ்வளவுதான். அதனால்தான் பெட்டியை உன் வீட்டிலேயே விட்டு வந்தேன். மழைக்கு உன் துணிகளை அதில் போட்டு வை. குமாசிப் பேச்சு இனி இல்லை. ஹோமோவோவுக்கு வருவேன், அதற்கு முன்னாலும் வருவேன். அடுப்பைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல்லி சோவாவிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அவனிடம் மல்லுக்கு நிற்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோடு மோசமாக இருந்தாலும் மறைக்காதே. நான் பெட்டியை எடுக்க மாட்டேன்.

கோர்கோ


கடற்கரை
ஜூலை 9

கோர்கோ,

கம்பி போட்டாயிற்று. அசிங்கமாக இருக்கிறது. பிடித்துக்கொண்டுதான் மீனைத் திருப்புகிறேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் முதல் தொட்டி எனக்கு. அந்தக் கோட்டை நீ பார்த்திருப்பாய், உன் தேவாலயத்துப் பெண்களிடம் காட்டியும் இருப்பாய்.

இன்று முடியவில்லை. காலையில் எழுந்ததே சரியில்லை, மாத்திரை போட்டும் உடம்பு பிடி கொடுக்கவில்லை. வாசலில் நின்றேன், சந்தில் நின்றேன், வலைக் குவியலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். படகு வந்து, மீன் பிரித்து, எல்லாரும் போன பிறகு கடல் வரைக்கும் போய்க் காலை நனைத்துவிட்டுத் திரும்பினேன். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கட்டிக்கொண்டுதான் போனேன்.

சாயங்காலம் உன் போனுக்கு ஒரு கோடு வரும். குட்டையாக, அறுந்து அறுந்து வரும். அயிட்டேயுடையது இல்லை, அஃபோலேயுடையது இல்லை. டாக்டரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டு.

அது நான்தான்.

அக்வேலே